மிட்வெஸ்ட் ஹெமரோகாலிஸ் சொசைட்டி, 1946: வானொலி பெற்ற பிள்ளையா, கடிதம் பெற்ற பிள்ளையா?

ஏட்டுப்பூச்சி (இழையைத் தொடங்கியவர்)

டேலிலி (தாவரவியல் பெயர் ஹெமரோகாலிஸ்) என்ற தோட்டப் பூவுக்கான சங்கங்களின் பிறப்பு பற்றிப் போன வாரம் வேறொரு இழையில் பேச்சு வந்து பாதியில் நின்றுவிட்டது. அதைத் தனியாக எடுத்துப் பேசலாம் என்று இதைத் திறக்கிறேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்தவை. இன்று அமெரிக்கன் டேலிலி சொசைட்டி என்ற பெயரில் இயங்கும் அமைப்பு ஒரு வட்டாரச் சங்கமாகத்தான் தொடங்கியது. இடம் அயோவா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் உள்ள ஷெனண்டோவா. காலம் 1946 ஜூலை. முதல் பெயர் மிட்வெஸ்ட் ஹெமரோகாலிஸ் சொசைட்டி. சில ஆண்டுகளிலேயே ‘மிட்வெஸ்ட்’ உதிர்ந்தது. 1955இல் ‘அமெரிக்கன்’ முன்னால் வந்து உட்கார்ந்தது.

ஷெனண்டோவா சின்ன ஊர்தான், ஆனால் விதை ஊர். ஹென்றி ஃபீல்ட், ஏர்ல் மே என்ற இரண்டு விதை நிறுவனங்களும் அங்கேதான். இரண்டும் விதைப் பட்டியலை விற்கச் சொந்தமாக வானொலி நிலையம் வைத்திருந்தன. ஃபீல்டுக்கு 1924 முதல் கே.எஃப்.என்.எஃப்., மேக்கு 1925 முதல் கே.எம்.ஏ. ஹென்றி ஃபீல்டின் சகோதரி ஹெலன் ஃபீல்ட் ஃபிஷர் வானொலியில் தோட்டக்கலை பேசிப் பெயர் வாங்கியவர். டேலிலி பிரியர்கள் ஷெனண்டோவாவில் வந்து கூடியதற்கு அவருடைய பேச்சுதான் காரணம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை.

என் கேள்வி இதுதான். வானொலியில் ரோஜா பற்றிப் பேசினார்கள், தக்காளி பற்றிப் பேசினார்கள். அதற்கெல்லாம் அந்த ஊரில் தேசியச் சங்கம் முளைக்கவில்லை. டேலிலிக்கு மட்டும் ஏன்? கூட்டத்தைக் கூட்டியது வானொலி என்றே வைத்துக்கொண்டாலும், கூடியவர்கள் கலைந்து போகாமல் இருக்க வேறு ஏதோ காரணம் இருந்திருக்க வேண்டும்.

மண்வெட்டி

பூவின் குணத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும் ஏட்டுப்பூச்சி ஐயா.

டேலிலி ஒரு நாள் பூ. ஹெமரா என்றால் பகல், கல்லோஸ் என்றால் அழகு, கிரேக்கத்தில். காலையில் விரிந்தது மறுநாள் கூழாகித் தொங்கும். ஒரு பூந்தண்டில் இருபது முப்பது மொட்டு இருப்பதால் செடி மூன்று நான்கு வாரம் பூத்துக்கொண்டே இருக்கும், ஆனால் ஒரு தனிப் பூவை எடுத்துக்கொண்டு யாரிடமும் காட்டப் போக முடியாது. ரோஜாவை வெட்டி வாளித் தண்ணீரில் வைத்து இரண்டு நாள் பயணம் செய்து கண்காட்சிக்குக் கொண்டுபோகலாம், இதை அப்படிச் செய்தால் போய்ச் சேரும்போது கையில் தண்டுதான் இருக்கும்.

ஆகவே பூவைப் பார்க்க வேண்டுமென்றால் ஆள்தான் தோட்டத்துக்குப் போக வேண்டும், அதுவும் சரியான வாரத்தில். ஃப்ளோரிடாவில் அது மே மாதம், டெக்சாஸில் மே கடைசி, ஜூன் தொடக்கம். அயோவாவில் ஜூலை நடு. முதல் கூட்டம் ஜூலையில் நடந்தது தற்செயல் இல்லை.

இன்னொன்று, இது என் ஊகம். போர்க்காலப் பெட்ரோல் ரேஷன் 1945 ஆகஸ்டில்தான் எடுக்கப்பட்டது, டயர் ரேஷன் அந்த வருடக் கடைசியில். பக்கத்து மாநிலத்துத் தோட்டத்தைப் பார்க்க நிம்மதியாகக் கார் எடுத்துக்கொண்டு போகக்கூடிய முதல் டேலிலிப் பருவம் 1946தான்.

கொல்லைப்புறம்

வானொலி, பெட்ரோல் எல்லாம் சரி. கடிதத்தை விட்டுவிட்டீர்களே.

‘ரவுண்ட் ராபின்’ என்று ஒரு வழக்கம் சங்கத்துக்கு முன்பே பூந்தோட்டக்காரர்களிடம் இருந்தது. இன்றைய வாட்ஸப் குழுவுக்குத் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பத்துப் பேர் ஒரு வளையம். ஒவ்வொருவருக்கும் வரிசை எண், முகவரிப் பட்டியல் உறைக்குள்ளேயே இருக்கும். முதல் ஆள் கடிதம் எழுதி இரண்டாம் ஆளுக்கு அனுப்புவார். அவர் தன் கடிதத்தைச் சேர்த்து மூன்றாம் ஆளுக்கு. சுற்று முடிந்து கட்டு திரும்ப வரும்போது, முதல் ஆள் தன் பழைய கடிதத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பார். அதனால் கட்டு எப்போதும் ஒரே பருமனில் இருக்கும். போட்டோ வைப்பார்கள், பூவிதழை அழுத்திக் காயவைத்து வைப்பவர்களும் உண்டு. சாதாரணக் கடிதத்துக்கு அப்போது மூன்று சென்ட் தபால்தலை, பருமனான கட்டுக்கு அதைப்போல் சில மடங்கு.

இது கெடுவதும் ஒரே இடத்தில்தான். யாராவது ஒருவர் கட்டை மேசையில் போட்டுவிட்டு மறந்துபோவார், மொத்த வளையமும் செத்துப்போகும். அதனால்தான் ஒவ்வொரு ராபினுக்கும் ஒரு பொறுப்பாளர் வைத்தார்கள். இத்தனை நாளுக்குள் அடுத்தவருக்கு அனுப்பியாக வேண்டும் என்று கெடு வைப்பது, கட்டு எங்கே நிற்கிறது என்று தனி அட்டை போட்டு விசாரிப்பது, அசையாத ஆளை நீக்கிவிட்டு வரிசையைத் திருத்துவது எல்லாம் அவர் வேலை.

சங்கம் என்ற ஒன்று பதிவாகும் முன்பே பொறுப்பாளர், உறுப்பினர் பட்டியல், கெடு தேதி என்று சங்கத்தின் எலும்புக்கூடு முழுவதும் இங்கே இருக்கிறது பாருங்கள். ஷெனண்டோவாவில் நடந்தது முகம் பார்த்துக்கொண்டது மட்டும்தான்.

குளிர்நாட்டான்

அப்படியே ஒத்துக்கொள்ள முடியாது அண்ணே. ராபின் வளையங்கள் ஐரிஸ் பூவுக்கும் இருந்தன, ஆப்பிரிக்கன் வயலட்டுக்கும் இருந்தன. வளையத்துக்குப் பத்துப் பேர் என்றால் பத்து வளையத்துக்கு நூறு பேர். அதற்கு மேல் அது வளராது. ஒரு வளையத்தில் எழுதியது அடுத்த வளையத்துக்குத் தெரியாது. முகம் தெரியாத ஆயிரம் பேரின் காதில் ஒரே நேரத்தில் விழும் குரல் வானொலி மட்டுமே.

பூக்காரி_மதுரை

குறுக்கே ஒரு சந்தேகம். எட்னா ஸ்பால்டிங் என்ற பெரிய பெயரும் அயோவாதானே? அவரும் இந்த ஷெனண்டோவாக் கூட்டத்து ஆளா?

ஏட்டுப்பூச்சி

இதில் நிறையப் பேர் தடுக்கி விழுவார்கள். எட்னா ஸ்பால்டிங் இருந்தது லூசியானா மாநிலத்தில் அயோவா என்ற பெயருள்ள ஒரு சிற்றூரில். அயோவா மாநிலம் வேறு. ஒன்று வளைகுடாக் கரையின் வெக்கை, மற்றது பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபது டிகிரிக்கும் போகும் குளிர். அவருடைய ‘லக்சுரி லேஸ்’ 1965இலும் ‘லாவெண்டர் ஃப்ளைட்’ 1973இலும் டேலிலி ரகங்களுக்கான மிக உயர்ந்த விருதான ஸ்டவுட் பதக்கம் வாங்கின. பட்டியலில் ‘ஸ்பால்டிங், அயோவா’ என்று மட்டும் பார்த்துவிட்டு வடக்கத்திக் குளிரைத் தாங்கும் செடி என்று நினைப்பது பழைய தப்பு.

கொல்லைப்புறம், குளிர்நாட்டான் இருவருக்கும் சேர்த்து என் பதில். ஆட்களைச் சேர்த்தது வானொலி, பேச்சை நிற்காமல் வைத்திருந்தது கடிதம். ஆனால் சங்கமாக இறுகியது பெயர்க் குழப்பத்தால் என்பதுதான் என் கட்சி.

கணக்கைப் பாருங்கள். இங்கிலாந்தில் யார்க் நகரப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் யெல்ட் வளர்த்த ‘ஏப்ரிகாட்’ 1893. தோட்டக் கலப்பு ரகங்களின் பட்டியல் அங்கிருந்துதான் தொடங்கும். பிறகு மெதுவாக வளர்ந்தது. இண்டியானாவில் ஃப்ராங்க்ளின் மீட் கொடுத்த ‘ஹைபரியான்’ 1920களின் நடுவில். அதுவரை எல்லாமே மஞ்சள், ஆரஞ்சு. நியூயார்க் தாவரவியல் பூங்காவில் ஏ.பி. ஸ்டவுட் பல்லாண்டு உழைத்து, சீனாவிலிருந்து நான்கிங்கில் இருந்த ஆல்பர்ட் ஸ்டூவர்ட் அனுப்பிய செடிகளையும் கலந்து, சிவப்பில் ‘தெரான்’ கொண்டுவந்தது 1934. அதற்குப் பிறகு அணை உடைந்தது. விவசாயி, பல் டாக்டர், பள்ளி ஆசிரியை என்று ஆளாளுக்குக் கலந்து ஆளாளுக்குப் பெயர் வைத்தார்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று செடி, ஒரே செடிக்கு இரண்டு மூன்று பெயர்.

சங்கம் பிறந்து மூன்றாம் வருடம், 1949இல், நார்ட்டன், ஸ்டன்ட்ஸ், பல்லார்ட் மூவரும் 1893 முதல் 1948 வரையான ரகங்களின் விவரப் பட்டியலைத் தொகுத்தார்கள். வெளியிட்டது அமெரிக்கன் பிளான்ட் லைஃப் சொசைட்டி, டேலிலி சங்கம் இல்லை. கவனியுங்கள், அன்றைக்கு அந்த அதிகாரம் இவர்கள் கையில் இல்லை. பயிரிடு தாவரங்களுக்குப் பெயர் வைக்கும் பன்னாட்டு விதித்தொகுப்பு 1953இல் வந்தது. 1955இல் ஹெமரோகாலிஸ் பேரினத்துக்குப் பன்னாட்டுப் பதிவு அதிகாரம் இந்தச் சங்கத்திடம் வந்தது. பெயரில் ‘அமெரிக்கன்’ சேர்ந்ததும் அதே வருடம். 1957 வரையான முழுப் பெயர்ப் பட்டியலைச் சங்கமே அச்சிட்டது. வட்டார மன்றமாகத் தொடங்கியது பத்தே வருடத்தில் உலகத்துக்கே பெயர்ப் பதிவேடு ஆகிவிட்டது.

மண்வெட்டி

பெயர்க் குழப்பம் ஏட்டில் மட்டும் நடப்பதில்லை ஐயா, பாத்தியில் நடக்கிறது. எப்படி என்பதைச் சொன்னால்தான் பதிவேட்டின் அருமை புரியும்.

முதல் வழி விதை. பெயரிட்ட ரகம் என்பது ஒரே ஒரு செடியின் தூரைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கியது. அதன் விதையில் முளைப்பது அதன் பிள்ளை, அதுவே அல்ல. ‘ஹைபரியான்’ விதையில் முளைத்ததை ‘ஹைபரியான்’ என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தால் அங்கிருந்து பொய் பரவும்.

இரண்டாம் வழி யாருக்கும் தெரியாமல் நடப்பது. தேனீ கலந்த காயைப் பறிக்காமல் விட்டால் காய் வெடித்து விதை தாய்த் தூருக்குள்ளேயே விழும். இரண்டு வருடத்தில் அங்கே நாற்று வளர்ந்து தூரோடு தூராகிவிடும். இலை ஒரே மாதிரி. பிரித்து விற்கும்போது நாலில் ஒரு துண்டு வேறு செடி. இதற்கு மருந்து ஒன்றுதான். பூ வாடிய மறுநாளே கிள்ளி எறிய வேண்டும். தப்பிய காயைப் பச்சையாக இருக்கும்போதே ஒடிக்க வேண்டும். பூக்கும் காலத்தில்தான் தூர் முழுவதும் ஒரே பூவா என்று பார்த்துவிட்டு, மாறுபட்டதில் கயிறு கட்டி வைக்க வேண்டும். பூ இல்லாத காலத்தில் பிரிக்கும்போது கயிறு கட்டியதை முதலில் பிடுங்கிவிடலாம்.

மூன்றாவது பெயர்ப்பட்டை. மரக்குச்சியில் மையால் எழுதினால் ஒரு கோடை தாங்காது. துத்தநாகம் அல்லது அலுமினியத் தகட்டில் பென்சிலால் அழுத்தி எழுதினால் வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் பனி நாட்டில் மண் உறைந்து இளகும்போது பட்டையை மேலே தள்ளிவிடும். வசந்தத்தில் பார்த்தால் பட்டைகள் பாத்தி ஓரத்தில் குப்பையாகக் கிடக்கும். அதனால் பட்டையை மட்டும் நம்பக் கூடாது. பாத்தி வரைபடம் ஒன்று காகிதத்தில் இருக்க வேண்டும். ஒரு மூலையைக் குறிப்பாக வைத்து, வரிசை எண், வரிசையில் எத்தனையாவது செடி, இடைவெளி எத்தனை அடி என்று எழுதிவிட்டால், எல்லாப் பட்டையும் போனாலும் பெயர் போகாது.

பூக்காரி_மதுரை

அமெரிக்காவில் சாலையோரம் எல்லாம் ஆரஞ்சுப் பூ மண்டிக் கிடக்கிறதே, அது விதையில் பரவியது இல்லையா?

ஏட்டுப்பூச்சி

இல்லை. அது ஹெமரோகாலிஸ் ஃபுல்வாவின் ‘யூரோப்பா’ என்ற ஒற்றைச் செடியின் பிரதிகள். ஆசியாவிலிருந்து ஐரோப்பா போய், குடியேறியவர்களின் மூட்டையில் அமெரிக்கா வந்தது. ஏன் விதை பிடிப்பதில்லை என்ற கேள்வியிலிருந்துதான் ஸ்டவுட்டின் ஆராய்ச்சியே நூல் பிடித்தது. சாதாரண டேலிலிக்கு 22 குரோமோசோம். ‘யூரோப்பா’வுக்கு 33. இயல்பான இரண்டு தொகுதிக்குப் பதில் மூன்று தொகுதி குரோமோசோம், அதாவது மூன்று படியாக இருப்பதால் மகரந்தமும் சூலும் உருவாகும்போது சமமாகப் பிரிய முடியாது, விதை அநேகமாகக் கிடையாது. ஆனால் மண்ணுக்கடியில் தண்டு ஓட்டிப் பரவும். சாலை போடும் வண்டி மண்ணை வாரிக் கொட்டிய இடமெல்லாம் அது முளைக்கும். அபூர்வமாக அதன் மகரந்தம் வேறு செடியில் வேலை செய்யும். ஸ்டவுட் அந்தச் சின்ன வாய்ப்பை விடாமல் பிடித்தார்.

குளிர்நாட்டான்

சங்கம் ஏன் வட்டாரங்களாகப் பிரிந்தது என்பதை யாரும் தொடவில்லை. இன்று பதினைந்து வட்டாரம். அயோவா முதல் வட்டாரத்தில், ஃப்ளோரிடா பன்னிரண்டில், டெக்சாஸும் நியூ மெக்சிகோவும் ஆறில். நிர்வாக வசதிக்காகப் போட்ட கோடு என்று நினைத்தால் பாதிதான் சரி. செடியே அப்படித்தான் பிரிந்திருக்கிறது.

டேலிலியில் இலை மூன்று விதம். குளிரில் இலை முழுதும் கருகி, மொட்டு மண்ணுக்குள் உறங்கும் வகை ஒன்று. வருடம் முழுதும் பச்சையாக இருக்கும் வகை இரண்டாவது. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது. எப்போதும் பச்சையான ஃப்ளோரிடா ரகத்தை அயோவாவில் வைத்தால் பெரும்பாலும் குளிர் மட்டும் அதைக் கொல்வதில்லை, நடுக் குளிரில் வரும் நாலு நாள் வெயில்தான் கொல்கிறது. மண் இளகியதும் செடி விழித்துக் குருத்து விடும். அடுத்த உறைபனியில் குருத்து வெந்து, வேரும் இலையும் சேரும் கட்டைக்குள் தண்ணீர் நின்று அழுகும். வசந்தத்தில் இழுத்தால் கையோடு வரும், நாற்றம் தாங்காது. தெற்கே நேர்மாறு. ஆழ்ந்து உறங்கும் வடக்கத்தி ரகத்துக்குப் போதுமான குளிர் கிடைக்காமல், வருடா வருடம் சிறுத்து, மூன்றாம் வருடம் காணாமல் போகும்.

அதனால் ஒரு ரகம் நல்லதா என்ற கேள்விக்கு எங்கே என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. பிற்பாடு உறுப்பினர்களின் விருப்ப வாக்கெடுப்பை வட்டாரவாரியாக எண்ணி வெளியிட்டதற்குப் பொருள் அதுதான். இலை விதம், பூந்தண்டு உயரம், பூவின் அகலம், பருவம் நான்கையும் பதிவுப் படிவத்தில் கேட்பதும் அதனால்தான். உயரம் அளப்பது மண் மட்டத்திலிருந்து தண்டின் நுனி வரை. பூ அளப்பது இயல்பாக விரிந்து நிற்கும்போது. இதழை நிமிர்த்திப் பிடித்து அளந்தால் அரை அங்குலம் கூடும், அது ஏமாற்று.

கொல்லைப்புறம்

குளிர்நாட்டான் சொன்னதைப் பதக்கப் பட்டியல் அப்படியே காட்டும். 1950இல் ஸ்டவுட் பதக்கம் ஏற்படுத்தினார்கள். முதல் பதக்கம் ‘ஹெஸ்பரஸ்’, நெப்ராஸ்காவில் ஒமாஹா பக்கத்து விவசாயி ஹான்ஸ் சாஸ் வளர்த்தது. ஐரிஸ் உலகத்திலும் பெரிய பெயர். பதக்கம் வரும்போது அவர் உயிரோடு இல்லை, 1949இல் போய்விட்டார். 1951இல் ‘பெயின்டட் லேடி’, டெக்சாஸின் ரஸ்ஸல். 1952இல் ‘பொட்டன்டேட்’, மாசசூசெட்ஸின் திருமதி நெஸ்மித். 1953இல் மறுபடி சாஸ், ‘ரெவல்யூட்’. பிறகு 1955, 56 இரண்டும் ஃப்ளோரிடா, 57, 58 இரண்டும் கலிபோர்னியா. பெயரில் ‘மிட்வெஸ்ட்’ இருந்த சங்கம் எத்தனை வேகமாகக் கைமாறியது பாருங்கள்.

நடுவில் 1954ஐ வேண்டுமென்றே விட்டேன். அந்த வருடம் ‘டான்ட்லெஸ்’. வளர்த்தவர் ஸ்டவுட்டேதான். தன் பெயரிலுள்ள பதக்கத்தைத் தானே வாங்கிய மனிதர்! 1957இல் காலமானார்.

அதே 1950இல் இன்னும் இரண்டு விருது. புது ரகம் உருவாக்குவோருக்கு பென்சில்வேனியா நர்சரிக்காரர் பெர்ட்ராண்ட் ஃபார் பெயரில் ஒன்று. சங்கத்துக்கு உழைத்தவருக்கு ஹெலன் ஃபீல்ட் ஃபிஷர் பெயரில் ஒன்று. ரகத்துக்கு விஞ்ஞானியின் பெயர், உழைப்புக்கு வானொலி அம்மாவின் பெயர். அந்தத் தலைமுறை கணக்கைச் சரியாகத்தான் தீர்த்திருக்கிறது.

செங்காந்தள்77

ஆரம்ப வரலாறு என்றால் 1961இல் நிறுத்துவது சரி என்பேன். சிக்காகோ மாநாடு. ஆர்வில் ஃபே, ராபர்ட் க்ரீஸ்பாக் இருவரும் ‘க்ரெஸ்ட்வுட்’ வரிசை நான்படிச் செடிகளை, அதாவது நான்கு தொகுதி குரோமோசோம் உள்ளவற்றை, அங்கே காட்டினார்கள். 22 குரோமோசோம் 44 ஆனது. அதற்கு முன்பே 1940களின் கடைசியில் ஹாமில்டன் ட்ராப் நான்படிச் செடி எடுத்திருந்தார், ஆனால் தோட்டக்காரர்கள் திரும்பிப் பார்த்தது சிக்காகோவுக்குப் பிறகு.

இரட்டிப்பாக்கியது கோல்ச்சிசின் என்ற தாவர நச்சுப்பொருள். செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கம் இழுக்கும் நூல்களை அது கட்டவிடாது. குரோமோசோம் இரட்டிக்கும், செல் பிரியாது. இந்த வித்தை தாவரங்களில் வேலை செய்யும் என்று தெரிந்தது 1937 வாக்கில். நமக்கு இதில் ஒரு உறவு உண்டு. அவர்கள் நாட்டில் அது கோல்ச்சிக்கம் கிழங்கிலிருந்து வந்தது. அதே பொருள் நம் கண்வலிக்கிழங்கில், அதாவது செங்காந்தளில் இருக்கிறது. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் பந்தல் போட்டு வளர்த்து விதை ஏற்றுமதி செய்வது இதற்காகத்தான். கடும் விஷம். வீட்டில் முயலும் வேலை இல்லை.

பிழைக்கும் நாற்று குறைவு, பிழைத்ததிலும் பாதி கலவை. மேல்தோல் அடுக்கு இரட்டித்திருக்கும், உள் அடுக்கு பழையபடியே இருக்கும். பூ பெரிதாக, இதழ் தடியாக வரும். ஆனால் மகரந்தத்தை எடுத்துக் கலந்தால் ஒன்றும் நடக்காது. கண்டுபிடிக்க எளிய வழி, மகரந்தத் துகளை நுண்ணோக்கியில் இரண்டுபடிச் செடியின் துகளோடு பக்கத்தில் வைத்து அளப்பது. நான்படித் துகள் வித்தியாசம் தெரியும் அளவுக்குப் பெரிது. அதே செடி அடுத்த வருடம் பழைய நிலைக்குத் திரும்பவும் செய்யும். அதனால் ஒவ்வொரு பருவமும் மறுபடி பார்க்க வேண்டும்.

ஃபேயின் ‘மேரி டாட்’ 1978இல் ஸ்டவுட் பதக்கம் வாங்கியது. நான்படிச் செடிக்கு அதுதான் முதல் தடவை. சிக்காகோவிலிருந்து பதினேழு வருடம்.

பூக்காரி_மதுரை

இரண்டுபடியையும் நான்படியையும் கலந்தால் என்ன ஆகும்? காய் பிடிக்காதா?

மண்வெட்டி

பிடித்த மாதிரி தெரியும், சில நாளில் மஞ்சளாகி உதிரும். கலப்பதற்கு முன் இரண்டும் ஒரே படியா என்று பதிவேட்டில் பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் ஒரு பருவம் முழுதும் வீணாக்குவது புதியவர்களின் வழக்கம்.

முறையையும் எழுதிவிடுகிறேன், ராபின் கடிதங்களில் திரும்பத் திரும்ப ஓடியிருக்கும் விஷயம்தான். பனி உலர்ந்ததும், வெயில் 30 டிகிரியைத் தொடும் முன் கலக்க வேண்டும். வெப்பம் ஏறினால் மகரந்தம் கெடும், காய் நிற்காது. அப்பன் பூவின் மகரந்தப்பை ஒன்றைக் கிள்ளி, தாய்ப்பூவில் எல்லாவற்றையும் தாண்டி நீண்டிருக்கும் சூல்முடியின் நுனியில் தடவினால் போதும். இரண்டு பெயரையும் எழுதிய சிறு பட்டையைப் பூவின் அடியில் கட்டுங்கள், தண்டில் கட்டினால் எந்தப் பூ என்று மறந்துவிடும். காய் முற்ற 45 முதல் 60 நாள். நுனி வெடிக்கத் தொடங்கும் அன்றே பறிக்க வேண்டும். விதை கறுப்பாகப் பளபளக்கும், அழுத்தினால் நசுங்கக் கூடாது. ஈரமான மணலோடு ஃப்ரிட்ஜில் நாலைந்து வாரம் வைத்து எடுத்து விதைத்தால் ஒரே சீராக முளைக்கும். வடக்கே முதல் பூவுக்கு இரண்டு மூன்று வருடம், ஃப்ளோரிடாவில் ஒரு வருடத்துக்குள்ளேயே. ஃப்ளோரிடாக்காரர்கள் பதக்கங்களை வாரிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். ஒரே காலத்தில் அவர்களுக்கு இரட்டைத் தலைமுறை.

கொல்லைப்புறம்

வட்டாரச் சங்கங்கள் காசுக்கு என்ன செய்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்தாவில் அஞ்சல் செலவுதான் தேறும். செடி ஏலம்தான் சோறு போடுவது. தூரை முழுதாகத் தோண்டி, குழாய்த் தண்ணீரில் மண்ணைக் கழுவி, இலைக்கற்றைகளை வேரோடு பிய்த்தெடுக்க வேண்டும். ஏலத்துக்கு இரண்டு கற்றை சேர்ந்த துண்டு வழக்கம். ஒற்றைக் கற்றை மலிவு, ஆனால் பூக்க ஒரு வருடம் கூடுதல். இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, வெட்டுக் காயம் ஆற ஒரு நாள் நிழலில் உலர்த்தி, இலையிலேயே பெயர் எழுதி, செய்தித்தாளில் சுற்ற வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் மூன்றாம் நாள் அழுகல்.

வாங்கியவர் செய்யும் ஒரே பெரிய தப்பு ஆழமாக நடுவது. கட்டைக்கு மேல் ஒரு அங்குலத்துக்கு மேல் மண் கூடாது. ஆழம் போனால் இலை வரும், பூ வராது. குளிர் நாட்டில் மண் உறைய ஆறு வாரமாவது முன்னால் நட்டால்தான் வேர் பிடிக்கும், இல்லையென்றால் பெயர்ப்பட்டையைத் தள்ளுகிற அதே பனி செடியையும் தள்ளிவிடும்.

குளிர்நாட்டான்

ஏட்டுப்பூச்சியின் முதல் கேள்விக்குத் திரும்புகிறேன், ஷெனண்டோவாவில் ஏன் என்று. ஃபீல்ட் குடும்பத்தையே பார்க்க வேண்டும். ஹெலனின் தங்கை ஜெஸ்ஸி ஃபீல்ட் ஷாம்பாவ், ஷெனண்டோவா இருக்கும் பேஜ் கவுண்டிப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மக்காச்சோள மன்றம் நடத்தியவர், நான்கு எச் என்ற கிராமத்துப் பிள்ளைகள் இயக்கத்தின் தாய் என்று பெயர். இன்னொரு தங்கை லியானா ட்ரிஃப்ட்மயர் வானொலியில் சமையல் பேச்சு நடத்தியவர். மன்றம் கூட்டுவதும் முகம் தெரியாதவர்களோடு உறவு வளர்ப்பதும் அந்த வீட்டுப் பழக்கம். கேட்பவர்கள் கடிதம் எழுதினார்கள், எழுதியவர்களின் பெயர் சொல்லி வானொலியில் பதில் வந்தது. வானொலியா கடிதமா என்று நாம் பிரித்து வாதிட்டது சரியில்லையோ என்று இப்போது தோன்றுகிறது. அந்த வானொலியே கடிதத்தில்தான் ஓடியது.

ஏட்டுப்பூச்சி

ஏற்கிறேன், ஆனால் பெயர்க் கட்சியை விடமாட்டேன். அந்த வானொலி நிகழ்ச்சி நின்றுவிட்டது, ராபின் கட்டுகள் மின்னஞ்சலில் கரைந்துவிட்டன, பதிவேடு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று அதில் ஒரு லட்சத்துக்கு மேல் பெயர்.

பூக்காரி, உங்களிடம் இருக்கும் செடி எது என்று தேட வேண்டுமென்றால் பூவின் நிறத்தில் தொடங்காதீர்கள், ‘மஞ்சள்’ என்று போட்டால் பல்லாயிரம் வரும். உயரம், பூவின் அகலம், இலை விதம், பருவம் நான்கையும் இரண்டு வருடம் அளந்து வைத்துக்கொண்டு தேடுங்கள். பட்டை இல்லாத செடி என்றால் அப்போதும் பெயர் சூட்டாதீர்கள், ‘பெயர் தெரியாதது’ என்றே எழுதி வையுங்கள்.

பூக்காரி_மதுரை

சரிங்க ஐயா. உயரம் தண்டு நுனி வரை, பூவின் அகலம் இதழை நிமிர்த்தாமல். குறித்துக்கொண்டேன்.